சுவடில்லாமல் கழற்றுவது

அந்த வருடங்களில் நான் எந்நேரமும் களைப்பாக இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, உனக்கென்ன களைப்பு என்பார்கள். அந்த ஏசி எனக்காக வைத்ததல்ல. என் மேஜைக்கு அடியில் இருந்த சர்வருக்காக வைத்தது. அது சூடானால் நாலு பேர் ஓடி வருவார்கள். எனக்குத் தலைவலி வந்தால், கேன்டீனில் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாம்மா என்பார்கள்.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கிற தொழிற்சாலை அது. இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் அங்கே கம்ப்யூட்டர் என்று பெயர் சொல்லக்கூடிய எதற்கும் பொறுப்பு நான் ஒருத்திதான். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் நான்தான், சம்பளச் சீட்டில் எழுத்து மாறினாலும் நான்தான். காலையில் படப்பையில் கம்பெனி பஸ் ஏறும்போதே எப்போது இறங்கித் திரும்பி வருவோம் என்றிருக்கும். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது.

அந்த நிலையில் யாரும் கேட்காத ஒரு வேலையை நானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

ஆரம்பம் பிரேக்டவுன் புக். பிரஸ் ஷாப்பில் ஒரு மெஷின் நின்றால் எத்தனை மணிக்கு நின்றது, யார் பார்த்தது, என்ன பழுது, என்ன செய்தது என்று ஒரு தடித்த நோட்டில் எழுதுவார்கள். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அதில் பாதிப் பக்கம் கண்ணாடித் தாள் மாதிரி ஆகிவிட்டிருக்கும். எழுத்து இந்தப் பக்கமும் தெரியும், அந்தப் பக்கமும் தெரியும், எதுவும் படிக்க முடியாது. இதற்குப் பதிலாக ஒரு வெப் அப்ளிகேஷனை நான் கண்டுபிடித்தேன். எங்கோ ஒரு கல்லூரிப் பட்டறைக்காக யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். அதைச் சர்வரில் ஏற்றினேன். ஷாப்பில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, கீபோர்டுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, இனிமேல் இதில்தான் எழுத வேண்டும் என்று சொன்னேன்.

யாரும் எழுதவில்லை, ஒருவரைத் தவிர. அவர் மெயின்டனன்ஸில் கான்ட்ராக்ட் டெக்னீஷியன். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வடக்குப்பட்டில் ஒரு அறையில் நாலு பேரோடு தங்கியிருந்தார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். மற்ற விரல்களையெல்லாம் மடக்கி, துடைத்த ஒரே விரலால், ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார். நாலு வரிக்குக் கால் மணி நேரம். அதில் வம்பு வழக்கெல்லாம் இருக்கும். "நாலாம் நம்பர் பிரஸ். காலை ஆறு நாற்பது. கிளட்ச் பிடிக்கவில்லை. ஆயில் சீல் மாற்றச் சொன்னார்கள், மாற்றியாச்சு. ஆனால் அது காரணம் இல்லை." கடைசி வரி யாருக்காக என்று எனக்குத் தெரியும். மேனேஜர் என்றைக்காவது படிப்பார் என்று நினைத்தார்.

அவரிடம் பாக்கெட் நோட்டு ஒன்றும் இருந்தது. கம்ப்யூட்டரில் அடிப்பதற்கு முன்னால் அதில் எழுதிக்கொள்வார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் கொண்டுவந்ததை நம்பவில்லையே என்ற எரிச்சல். ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்ததும் அவரை என் அறைக்குக் கூப்பிட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை அன்று, சர்வரில் உள்ளதையெல்லாம் ஒரு சிடியில் எழுதிச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் வைப்பது என் வழக்கம். சிடியைக் கையில் எடுத்துக் காட்டினேன்.

"இன்னும் எதுக்குண்ணா நோட்டு? எல்லாம் இதுக்குள்ள இருக்கு, பாருங்க."

"இருக்கட்டும் மேடம். ஒரு பாதுகாப்புக்கு."

"இதுக்கு மேல என்ன பாதுகாப்பு? நோட்டு எண்ணெயில விழுந்தா போச்சு. இது எங்கயும் போகாது."

அவர் சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் சட்டைப் பையில் நோட்டு இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த அப்ளிகேஷனை எழுதியவர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை புதுசாக ஒன்று வெளியிடுவார். ஒவ்வொன்றையும் நான் கையால் பிரித்து, கையால் ஏற்றி, ஒவ்வொரு தடவையும் எதையாவது உடைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டவைப்பேன். இந்தத் தொல்லைக்கு ஒரே வழி அதை லினக்ஸ் தொகுப்புக்குள்ளேயே சேர்த்துவிடுவதுதான் என்று மின்னஞ்சல் குழுவில் ஒருவர் எழுதினார். சர்வரில் ஓடியது லினக்ஸ். அதை உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து ஒரு தொகுப்பாகக் கட்டி வெளியிடுகிறார்கள். அதிலுள்ள ஒவ்வொரு ப்ரோக்ராமையும் யாரோ ஒருவர் பொறுப்பெடுத்து ஒழுங்காகக் கட்டித் தந்திருக்கிறார். அந்தக் கட்டுக்குப் பெயர் பேக்கேஜ். எங்கள் டிஸ்பாட்ச் செக்ஷனில் அட்டைப்பெட்டியில் குழி வெட்டி, ஒவ்வொரு பாகமும் அதனதன் குழியில் உட்கார, மேலே லேபிள் ஒட்டி அனுப்புவார்களே, அதே வேலைதான். அப்படிக் கட்டிவிட்டால் பிறகு ஒரே ஒரு வரி அடித்தால் போதும், தானே ஏறும், தானே புதுப்பித்துக்கொள்ளும். மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முடிக்க ஏழு மாதம் ஆனது.

புதிதாகச் செய்கிறவர் தன் பேக்கேஜைத் தானே உள்ளே போட முடியாது. உள்ளே இருக்கிற அனுபவஸ்தர் ஒருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூடச் சரியாகத் தெரியாது. அவருடைய கடிதத்தில் வணக்கமும் இருக்காது, நலமா என்ற கேள்வியும் இருக்காது. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு என் குற்றங்கள் மட்டும் இருக்கும். ப்ரோக்ராம் ஓர் இடத்தில் இருக்க வேண்டும், அமைப்புகள் என்கிற செட்டிங்ஸ் வேறிடத்தில் இருக்க வேண்டும், எழுதிச் சேர்கிற தகவல் மூன்றாவது இடத்தில் இருக்க வேண்டும். நீ எல்லாவற்றையும் ஒரே அறையில் கொட்டியிருக்கிறாய். ஒவ்வொரு கோப்பும் யார் எழுதியது, எந்த உரிமத்தில் தந்தது என்று சொல்ல வேண்டும். பக்கத்தின் மூலையில் ஒரு ஸ்பேனர் படம் இருக்கிறதே, அதை வரைந்தது யார்?

அந்த ஸ்பேனரை வரைந்தவரை ஒரு மாதம் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் நானே ஒன்று வரைந்தேன். அகப்பை மாதிரி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இந்த வேலை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிச் சமையலறைக்கு வெளியே வைத்திருந்தேன். அம்மா துணி துவைத்துக்கொண்டே சத்தம் போடுவாள்.

"இன்னாடி, லீவு நாளு கூட அத்தயே மொறைச்சிகினு குந்திகினு கீற? கம்பெனில இதுக்கு எதுனா தராங்களா?"

"இல்லம்மா."

"அப்ப இன்னாத்துக்கு?"

எனக்கும் தெரியவில்லை. தொழிற்சாலையில் நான் செய்கிற வேலை எதிலும் என் பெயர் இருக்காது. சர்வர் ஓடினால் அது தானாக ஓடுகிறது, நின்றால் நான் நிறுத்திவிட்டேன். பேக்கேஜில் மட்டும் கட்டியவர் பெயர் என்று ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரிக்காக என்றுதான் இப்போது நினைக்கிறேன். வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

இதற்கிடையில் அந்த டெக்னீஷியன் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். நாலாம் நம்பர் பிரஸ் அடிக்கடி நிற்கும். கிளட்சை மாற்றுவார்கள், சீலை மாற்றுவார்கள், ஆளைத் திட்டுவார்கள், மறுபடி நிற்கும். இவர் தான் எழுதியதையெல்லாம் ஒருநாள் திரையில் வரிசையாகத் தள்ளிப் பார்த்திருக்கிறார். நின்ற நாட்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை, அல்லது விடுமுறைக்கு மறுநாள். விடுமுறையன்று கம்ப்ரசர் தொட்டியில் சேர்கிற தண்ணீரை யாரும் வடிப்பதில்லை. அந்த ஈரம் காற்றோடு குழாயில் போய் கிளட்சின் வால்வைப் பிடித்துக்கொள்கிறது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வந்து தண்ணீரை வடித்துவிட்டுப் போவார். நாலாம் நம்பர் நிற்பது நின்றது. அதையும் எழுதி வைத்தார். எந்தத் தேதியில் சந்தேகம் வந்தது, எந்தத் தேதியில் வடித்துப் பார்த்தது, அதற்குப் பிறகு எத்தனை திங்கட்கிழமை நிற்கவில்லை என்று எல்லாம் அதில் இருந்தது.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் அறைக்கு வந்தார். கதவுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார். வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார்.

"மேடம், திங்கக்கெழமை ஹெட் ஆபீஸ்ல இருந்து வாராங்களாம். கான்ட்ராக்ட்ல இருக்கவங்கள்ல ரெண்டு பேர பெர்மனென்ட் ஆக்கப்போறாங்க. செஞ்ச வேலைக்கு ஆதாரம் கொண்டான்னு சொல்லுதாங்க. நான் எழுதுனத எல்லாம் ஒரு பிரிண்ட் அடிச்சுத் தர முடியுமா?"

"தாராளமா. நாளன்னைக்கு வாங்கிக்கோங்கண்ணா. பிரிண்டர்ல ரிப்பன் தேஞ்சு போச்சு."

ரிப்பன் தேய்ந்திருந்தது உண்மை. ஆனால் அலமாரியில் புது ரிப்பன் ஒன்று இருந்தது என்பதும் உண்மை. அன்று எனக்கு எழுந்து மாட்டச் சலிப்பாக இருந்தது. அந்த வெளிநாட்டு மனிதரிடமிருந்து முந்தின நாள்தான் கடிதம் வந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு குறைதான் பாக்கி. பேக்கேஜை முழுவதுமாகக் கழற்றும்போது சுவடே இருக்கக் கூடாது. உன் பேக்கேஜ் கழற்றிய பிறகும் குப்பையை விட்டுப் போகிறது. இதைச் சரி செய்தால் உள்ளே அனுப்புகிறேன்.

கழற்றுவதில் இரண்டு வகை உண்டு. சும்மா கழற்றினால் ப்ரோக்ராம் போகும், எழுதியவை அப்படியே இருக்கும். அடியோடு கழற்றினால் எல்லாம் போக வேண்டும். கல்யாண மண்டபத்தைக் காலி செய்து கொடுப்பது மாதிரி, இங்கே ஒரு விசேஷம் நடந்ததா என்று கேட்கும்படி இருக்க வேண்டும். அது அவர்களுடைய விதி, நியாயமான விதிதான். நான் உட்கார்ந்து அந்தத் துடைக்கிற பகுதியை எழுதினேன். டேட்டாபேஸை அழி, அமைப்புகளை அழி, தகவல் வைத்திருந்த இடத்தையும் அதற்குள் என்ன இருந்தாலும் அழி. ஏழு மாதத்தில் நான் எழுதியதிலேயே சுத்தமான பகுதி அதுதான்.

புதன்கிழமை மத்தியானம் அதைச் சோதித்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரை அந்த வாரம் தொழிற்சாலைக்கே தூக்கி வந்திருந்தேன். மேஜைக்கு அடியில் சர்வர், அதன் பக்கத்தில் என் பழைய பெட்டி. இரண்டுக்கும் ஒரே திரை, ஒரே கீபோர்டு. நடுவில் ஒரு மாற்றுப் பெட்டி, அதில் ஒன்று, இரண்டு என்று இரண்டு பொத்தான்கள். ஏற்று, கழற்று, ஏற்று, அடியோடு கழற்று, ஏதாவது மிச்சம் இருக்கிறதா பார். இதைச் சோறு உண்ணுகிற மாதிரி ஒரு நாளைக்குப் பத்து தடவை செய்து கை பழகிவிட்டது. இன்னொன்றும் செய்திருந்தேன். யாருக்கும் தெரியாமல், போன வாரமே, சர்வரிலும் என் பேக்கேஜை ஏற்றிவிட்டேன். இன்னும் யாரும் சரி சொல்லாத பேக்கேஜ். கையால் ஏற்றி ஏற்றி அலுத்துப்போய்ச் செய்தது. அதனால் இரண்டு திரையும் ஒன்றுபோலவே இருந்தன.

இரண்டரை மணிக்கு ஷிப்ட் மாறுகிற சங்கு ஊதியது. யாரோ வந்து வருகைக் கார்டு பஞ்ச் ஆகவில்லை என்றார்கள். பொத்தானை அழுத்தி சர்வரில் அதைப் பார்த்துக் கொடுத்தேன். அவர்கள் போனார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஏற்று. அடியோடு கழற்று. ஏதாவது மிச்சம் இருக்கிறதா பார். எதுவும் இல்லை. சுவடே இல்லை. எழுந்து நின்று சோம்பல் முறித்தேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு நிம்மதியாக இருந்தது.

பொத்தான் ஒன்றில் இருந்தது. ஒன்று சர்வர்.

முதலில் பயம் வரவில்லை. தினமும் தானே நகல் எடுக்கும்படி செய்திருந்தேன். அந்த நகல் எங்கே இருக்கிறது என்று பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். தகவல் வைத்திருந்த அதே இடத்துக்குள் வைத்திருந்தேன். அதற்குள் என்ன இருந்தாலும் அழி என்று நானே எழுதியிருந்தேன். மிஞ்சியது ஆயுத பூஜை சிடி மட்டும், குங்குமம் காய்ந்து போய். அக்டோபர் வரைக்கும் எல்லாம் இருந்தது. அதற்குப் பிந்தைய எட்டு மாதம் இல்லை. அவர் நோட்டை விட்ட எட்டு மாதமும் அதேதான்.

அழித்ததை மீட்கிற வித்தை என்று தெரிந்ததையெல்லாம் அன்று மாலை வரை முயன்றேன். கார்டு பஞ்ச் நிற்கக் கூடாது என்று ஆபீஸில் சர்வரை நிறுத்த விடவில்லை. அது ஓட ஓட, காலியான இடத்தில் புதியது எழுதிக்கொண்டே போனது. மறுநாள் காலையில் கம்ப்ரசர் கொட்டகைக்குப் போனேன். அவர் குனிந்து தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். நான் அழித்துவிட்டேன், சிடியில் அக்டோபர் வரைதான் இருக்கிறது, மிச்சம் போய்விட்டது.

அவர் நிமிரவில்லை.

"நாலாம் நம்பரு?"

"அதுவும் போச்சுண்ணா."

தண்ணீர் முழுவதும் வடிந்து காற்று மட்டும் சீறுகிற வரைக்கும் பொறுத்திருந்து குழாயை மூடினார். கையைத் துடைத்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஞாபகத்துல இருக்கறத வச்சு மறுபடி எழுதிரலாமா மேடம்?"

சனிக்கிழமை மத்தியானம் ஷாப்பில் இருவரும் உட்கார்ந்தோம். அவர் சொல்ல நான் அடித்தேன். பழுதுகள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. எந்தப் போல்ட், எந்தப் பக்கம் கசிவு, யார் என்ன சொன்னார் எல்லாம் ஞாபகம் இருந்தது. தேதிதான் வரவில்லை. திங்கட்கிழமை என்று தெரியும், எந்தத் திங்கட்கிழமை என்று தெரியாது. தேதி இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்புக்கு அர்த்தமே இல்லை. நான் காலண்டரை எடுத்து, "நவம்பர்ல ரெண்டாவது திங்கக்கிழமைன்னு போட்டுக்கலாமா?" என்றேன்.

அவர் காலண்டரை என் பக்கமே தள்ளி வைத்தார்.

"வேணாம் மேடம். அப்பிடிப் போட்டா நான் எழுதுனது பூரா பொய்யின்னு ஆயிரும். அழிச்சிருங்க."

அந்த வார்த்தையை எப்படிச் சாதாரணமாகச் சொன்னார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். நான் அடித்ததையெல்லாம் அழித்தேன்.

ஒரு கடிதம் எழுதினேன். தகவல் போனது என் தவறு, அந்த டெக்னீஷியன் எட்டு மாதமும் எழுதி வந்தது எனக்குத் தெரியும், நாலாம் நம்பர் பழுதைக் கண்டுபிடித்தது அவர்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அவரும் களைத்தவர்தான்.

"இன்னாம்மா நீ. அடுத்த மாசம் கஸ்டமர் ஆடிட் வெச்சிகினு, சர்வர்ல டேட்டா பூட்ச்சின்னு எழுத்துல குடுக்கற? உன் வேலையும் போவும், என் வேலையும் போவும். நான் வாயால சொல்லிக்கறேன், வுடு."

கடிதத்தை டிராயரில் போட்டார். ஹெட் ஆபீஸ் ஆட்கள் திங்கட்கிழமை மீட்டிங் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். என் அறையிலிருந்து முப்பது அடி தூரம். எழுந்து போய்க் கதவைத் தட்டி நான் சொல்லியிருக்கலாம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம் இருந்தது, ஆனால் அதைவிட, இன்னொரு சண்டைக்கு என்னிடம் தெம்பில்லை. இதற்குச் சமாதானம் எதுவும் நான் சொல்லப்போவதில்லை.

உள்ளே அந்த டெக்னீஷியனிடம் ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் எழுதினேன், இப்போது இல்லை என்றிருக்கிறார். ஏன் இல்லை என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றாராம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாலாம் நம்பரைப் பற்றி மேனேஜரைக் கேட்டபோது, நாங்க எல்லாருமா சேர்ந்து பார்த்து சரி பண்ணோம் சார் என்றிருக்கிறார். புதன்கிழமை கேட் பக்கத்து போர்டில் இரண்டு பெயர் ஒட்டினார்கள். அவர் பெயர் இல்லை. அடுத்த மாதம் அவருடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை.

அந்த வாரம் படப்பையில் ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்தேன். நான் அனுப்பியிருந்ததைப் பார்த்து, அந்த வெளிநாட்டு மனிதர் முதல் தடவையாக எண் போடாமல் எழுதியிருந்தார். உன் பேக்கேஜ் உள்ளே போய்விட்டது, சுத்தமான வேலை, கழற்றினால் எதுவுமே மிச்சமில்லை. எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தாரோ, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மறுநாளே அவருக்கு எழுதினேன். அடியோடு கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும், எழுதியவற்றையும் அழிக்கவா என்று. பேசாமல் என்டரைத் தட்டினால் அழிக்கக் கூடாது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தேவையில்லாத கேள்விகள் பயனரைத் தொந்தரவு செய்யும், அடியோடு என்று கேட்டவருக்கு அடியோடு கொடுப்பதுதான் விதி என்றார். நான் விடவில்லை. பதிலுக்குப் பதில் எழுதினேன், ஒன்று, இரண்டு என்று எண் போட்டு. மேனேஜரின் அறையில் போட வேண்டிய சண்டையை முகம் தெரியாத அந்த மனிதரிடம் போட்டேன். மூன்று வாரத்துக்குப் பிறகு, சரி, கேள் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

புதுக் கேள்வி ஒன்று சேர்த்தால் அதை ஒவ்வொரு மொழியிலும் பெயர்த்துத் தரும் வழக்கம் அந்தத் தொகுப்பில் உண்டு. பிரெஞ்சில் வந்தது, ஜெர்மனில் வந்தது, ஜப்பானிய மொழியில் வந்தது. தமிழுக்கு யாரும் வரவில்லை. நானே எழுதினேன். "தரவுத்தளம் நிரந்தரமாக நீக்கப்பட வேண்டுமா?" படித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி இதைப் படித்து நிறுத்துவாளா? நான் நிறுத்தியிருக்கமாட்டேன்.

அந்த டெக்னீஷியன் சுங்குவார்சத்திரத்தில் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அங்கேயும் கான்ட்ராக்ட்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாப் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். வரச் சொல்லி ஆள் மூலம் சொல்லியிருந்தேன். வந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை, அதுவே எனக்குத் தாங்கவில்லை. மன்னிச்சிருங்கண்ணா என்றேன். "டீ ஆறுது மேடம்" என்றார்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். இந்த இடத்தில் ஒருத்தரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்க வேண்டும், நீங்களாக இருந்தால் எப்படிக் கேட்பீர்கள் என்றேன். டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் யோசித்தார்.

"இதுல ஆளுக எழுதுனது இருக்கு. அழிச்சா திரும்ப வராது. அழிக்கவா? இப்பிடிக் கேளுங்க. தரவு கிரவுன்னா யாருக்குத் தெரியுது?"

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். பிறகு எழுத்துத் தமிழாக்கினேன். "இதில் ஆட்கள் எழுதியவை இருக்கின்றன. அழித்தால் திரும்ப வராது. அழிக்கவா?" மொழிபெயர்த்தவர் பெயர் என்று கோப்பின் தலையில் ஒரு வரி உண்டு, அதில் உங்கள் பெயரைப் போடப்போகிறேன், இந்தத் தொகுப்பு போகிற ஊருக்கெல்லாம் அதுவும் போகும் என்று சொன்னேன். அவர் நம்பாதவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"என் பேரா? நெசமாவா?"

"நெஜமாண்ணா."

கடைக்காரரிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினார். பன் பொட்டலம் கட்டுகிற தாள். என் பேனாவை வாங்கி, இனிஷியலோடு முழுப் பெயர், கீழே ஊர்ப் பெயர், அதற்கும் கீழே அன்றைய தேதி, எல்லாவற்றையும் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினார். என் கையில் கொடுத்தார். பஸ் வந்துவிட்டது. ஏறப்போனவர் படியில் காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்துனப்பறமும் அந்தத் தாளத் தூரப் போட்டுராதீங்க மேடம். ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்."

குத்திக்காட்டவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. உண்மையாகவே எனக்கு ஒரு வழி சொல்லிவிட்டு ஏறினார், அவ்வளவுதான்.

பிற்பாடு எத்தனையோ இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். அந்தப் பேக்கேஜை இப்போது வேறு யாரோ கவனிக்கிறார்கள். கட்டியவர் என்ற வரியில் என் பெயர் போய் அவர்கள் பெயர் வந்துவிட்டது, அதுதான் முறையும். தமிழ்க் கோப்பின் தலையில் அந்த அண்ணாவின் பெயர் அப்படியே இருக்கிறது, வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பேன். ஆயுத பூஜை அன்று அந்தத் தாளையும் எடுத்து, ஒரு பொட்டு வைத்து, மறுபடி பீரோவில் வைத்துவிடுவேன்.